இறக்கத்தில் தெரியும் கைவேலை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சைக்கிள் மிதித்து ஏறுகிறவர்கள் ஏற்றத்தைப் பற்றியே பெருமை பேசுவார்கள். அந்தச் சைக்கிள்களைப் பழுதுபார்க்கிறவர்களுக்கோ இறக்கம்தான் கவலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் அவர்கள் பக்கம். ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குன்னூரிலிருந்து அடிவாரம் வந்து சேர்வதற்குள் சுமார் 1,500 மீட்டர் இறங்கியாக வேண்டும். அவ்வளவு இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் இரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத இரண்டு பிரேக் டிஸ்க்குகளில் சூடாக இறங்கும். இதே மலையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலில் பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் நிற்பது சும்மா இல்லை.

நான் போன பட்டறை மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளை ஒட்டிய தெருவில் இருக்கிறது. சிறிய அறை. சுவரில் ‘வாடகை சைக்கிள்’ என்று எழுதியிருந்தது பாதி அழிந்தும் அழியாமலும் தெரிகிறது. பட்டறைக்காரரான பெரியவர் பையனாக வேலைக்குச் சேர்ந்தபோது மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடை அது. மண்டியில் வேலை செய்கிறவர்களின் வண்டிகளும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள்களும் இப்போது அன்றாடப் பிழைப்பு. கோயம்புத்தூரிலிருந்து மலையேற வருகிறவர்களின் எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) வண்டிகள் அதற்கு மேல். அவற்றைப் பார்ப்பதற்கென்றே பெரியவரின் அக்கா மகன் ஒருவர் கூட இருக்கிறார். கோவையில் ஒரு ஷோரூமில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். மாமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பானா, குறடு, அலன் கீ எல்லாம் பொது. டார்க் ரெஞ்சை மட்டும் மாப்பிள்ளை தனி உறையில் வைத்திருக்கிறார். மாமா அதைத் தொடுவதில்லை.

ஸ்டாண்டில் 29 இஞ்ச் வண்டியொன்று தொங்கியது. ‘கியர் சரியா விழலை’ என்று எழுதிய சீட்டு ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்தது. பெரியவர் கியர் பக்கமே போகவில்லை. முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கட்டைவிரலை ஃபோர்க்கில் ஊன்றி, நகம் ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ரிம் வந்து நகத்தை உரசியது. பிறகு கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கிப் பார்த்தார், விரலால் சுண்டினார். இறுக்கமான கம்பிகள் கணீரென்றன. ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டது.

“புது வீலுங்க இது. மொத நாலஞ்சு ஓட்டத்துல கம்பி உக்காந்து தொங்கிப்போகும். அப்ப ஒருக்கா கொண்டாந்து காட்டுனா கோட்டமே உழுகாது. யாருங்க கொண்டாறாங்க?”

கோட்டம் எடுக்கிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பொறுமை புரியும். நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் திருகுக்கு மேல் அவர் திருப்பவே இல்லை. ரிம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் முடுக்கி, சாய்ந்த பக்கத்துக் கம்பியை அதே அளவு தளர்த்தினார். முடுக்கிக்கொண்டே போனால் பக்கவாட்டுக் கோட்டம் போகும். ஆனால் ரிம் அந்த இடத்தில் உள்ளிழுத்துக்கொண்டு வட்டம் கெட்டுவிடும். மாப்பிள்ளையிடம் முள் வைத்த டிரூயிங் ஸ்டாண்ட் இருக்கிறது. பெரியவர் கோட்டம் எடுத்து வைத்த சக்கரத்தை மாப்பிள்ளை அதில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

கியர் விழாததற்குக் காரணம், கேபிள் உறைக்குள் புகுந்து காய்ந்திருந்த செம்மண். கேபிளையும் உறையையும் மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிரேக் மாப்பிள்ளையின் ஆட்சி. இரண்டு பேட்களையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தார். உலோகத் தகட்டின் மேல் இருக்க வேண்டிய பொருள் ஒன்றில் பாதியும் மற்றதில் காகிதக் கனமும்தான் இருந்தது. அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். அதற்கும் கீழே தகடே டிஸ்க்கை அறுக்க ஆரம்பிக்கும். டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. 1.8 மி.மீ. கனத்தில் வருகிற ஷிமானோ டிஸ்க் 1.5 மி.மீ. ஆகத் தேய்ந்தால் அதோடு சரி. பேட் கனமாகவே இருந்தும் மேலே கண்ணாடிபோல் பளபளத்தால், இறக்கம் முழுக்க லீவரை விடாமல் பிடித்து வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உப்புத்தாளில் தேய்த்துத் தற்காலிகமாகப் பிடிக்கவைக்கலாம். ஓட்டுகிற பழக்கம் மாறாவிட்டால் அடுத்த வாரமே திரும்பி வரும்.

புது பேட் போட்டதும் நேரே மலைக்குப் போகக் கூடாது. சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடைவேகத்துக்குக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, இப்படி இருபது தடவையாவது பிடித்து விட வேண்டும். பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். இதைச் சொல்லி அனுப்பாத கடைகள் ஏராளம். ‘புதுசு போட்டும் பிடிக்கலை’ என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

ஆயிலில் இன்னும் ஆபத்தான குழப்பம் நடக்கிறது. ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகள் பலவற்றுக்கு, மோட்டார் பைக்கில் ஊற்றுகிற மாதிரியான டாட் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பி வீணாகும். லீவரின் மூடியிலேயே எது என்று அச்சிட்டிருப்பார்கள். பார்க்காமல் பைக் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். அதனால் வருஷம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மாப்பிள்ளை ஒரு சிரிஞ்சை மாட்டிக் கீழிருந்து ஆயிலை ஏற்றியபோது மேலே புனலில் கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஆயிலை அழுத்திக் குறுக்க முடியாது. காற்றைக் குறுக்கலாம். அந்தக் கடுகுகள் உள்ளேயே இருந்தால், பத்தாவது கொண்டை ஊசி வளைவில் லீவர் ஹேண்டில்பார்வரை வந்து முட்டும்.

மலைச் சைக்கிள் விளையாட்டே சூடேறிய பிரேக்கிலிருந்து தொடங்கியதுதான். 1976-இல் கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்குபந்தயம் வைத்தார்கள். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிக்கும் பிரேக், பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளே. கீழே வந்து சேர்வதற்குள் அதிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கழற்றிப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ ப்ரீஸ், அடுத்த வருஷமே இதற்கென்று தனியாகச் சட்டம் செய்து வண்டி கட்டினார். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது பெரியவர் குறுக்கிட்டார். “ஓவராயில்தானுங்களே. நாம பண்ணாததா?”

செயினுக்கு அவர்கள் வைத்திருக்கும் சோதனைக்குக் காசு செலவே இல்லை. ஒரு எவர்சில்வர் அடிஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். ஆக 24 இடைவெளி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பின் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினோடு பின்னால் உள்ள பல்சக்கரத் தொகுதியும் தேய்ந்திருக்கும், செலவு பல மடங்கு. பதினோரு, பன்னிரண்டு ஸ்பீடு வண்டிகளில் முதல் எல்லையைத் தாண்டவே விடக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் மாமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துவராது. மண்டி வண்டிகளுக்கு மாமா எஞ்சின் ஆயில் விடுகிறார். அவற்றுக்கு அது போதும். எம்.டி.பி.க்கு அதை விட்டால் தூசி ஒட்டி, உப்புத்தாள் பூசினதுபோல் செயின் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். செயின் எண்ணெயைக் கணுவுக்கு ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் மிதித்துச் சுழற்றி, பனியன் வேஸ்ட்டால் வெளிப்பக்கத்தை ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. எண்ணெய் வேண்டியது உருளைகளுக்கு உள்ளேதான். தெறித்த ஒரு துளி டிஸ்க்கில் பட்டால் பேட் அதைக் குடித்துவிடும். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காப்பாற்றலாம். எண்ணெய் குடித்த பேட்டைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும்.

இருவருக்கும் ஒரே குரலாக வருகிற கோபம் ஒன்று உண்டு. பைக்கோடு சேர்த்துச் சைக்கிளையும் வாட்டர் சர்வீஸுக்கு விடுவது. அந்த வேகத்தில் பீய்ச்சும் தண்ணீர் ஹப், பெடல் அச்சு (பி.பி.), ஹெட்செட் சீல்களைத் தாண்டி கிரீஸைக் கரைத்துவிடும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் தாராளம்.

மாப்பிள்ளை பையன்களுக்குக் கொடுக்கும் ஓட்டப் பயிற்சியைப் பார்க்க மறுநாள் விடியற்காலையில் அவரோடு கோத்தகிரிப் பக்கம் போனேன். தெரிந்த ஒருவரின் தேயிலைத் தோட்டத்துச் சாலை, அனுமதி கேட்டு வாங்கியது. காப்புக்காட்டுக்குள் சைக்கிளை விடக் கூடாது, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம். தோட்டத்திலும் அதிகாலையில் காட்டெருமை நிற்கும், அதற்கு மணி அடித்து வழி கேட்க முடியாது. இருநூறு அடி தள்ளியே நிறுத்திவிட்டு, அது போகும்வரை காத்திருந்தோம்.

வந்திருந்த பையன்கள் டயரில் 50 பி.எஸ்.ஐ. காற்று அடித்திருந்தார்கள். மாப்பிள்ளை முதல் வேலையாகக் காற்றை இறக்கினார். 70 கிலோ ஆள், 2.25 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 22, பின்னால் 25 அளவில் தொடங்கலாம். டியூப் போட்ட டயருக்குக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், இல்லையேல் கல்லில் அடித்து டியூப் கிழியும். கவாத்து முடிந்த தோட்டங்களில் வெட்டிய தேயிலைக் குச்சிகள் ஆணிபோல் கிடக்கும். டியூப்லெஸ்ஸுக்குள் ஊற்றும் பால் போன்ற சீலன்ட் அந்த ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துபோகிறது என்பதுதான் பலருக்கும் மறந்துவிடுகிறது.

பாடம் எளிமையானது. சரிவில் ஒரு வளைவு, வளைவுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கல். கல்லைத் தாண்டுவதற்குள் பிரேக்கை முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் லீவரைத் தொடக் கூடாது. சீட்டை இறக்கி, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, எழுந்து நின்று, குதிகாலைச் சற்றே தாழ்த்தி, முழங்கையை வெளியே விரித்து, ஒரே விரலில் பிரேக். முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடித்த பையன் சக்கரம் பூட்டி வழுக்கிக்கொண்டே போனான்.

“குழியப் பாக்காதடா. குழியப் பாத்தா குழிக்குள்ளதான் போவே. தாண்டி எங்க போகோணுமோ அங்க பாரு.”

அரை மணி நேரத்துக்குள் அதே பையன் கல்லுக்கு முன் அழுத்திப் பிடித்து, விட்டு, வளைந்து போனான். இப்படி விட்டு விட்டுப் பிடித்தால் இடையில் டிஸ்க் ஆறும். பட்டறையில் பார்த்த பளபளப்புப் பேட்களுக்கு மருந்து இந்தப் பாடம்தான். ஏற்றத்துக்கு அவர் சொன்னது இரண்டே: கால் திணறுவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடு, முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் முதல் சில மாதங்கள் மிதி.

வண்டி வாங்கப்போகிறவர்களுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் ரூபாய்க்குள் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்து விற்கிற வண்டியை வாங்காதீர்கள். எடை கூடும், ஸ்பிரிங் ஆடும், மலைக்கு ஆகாது. அதே காசில் பின் சஸ்பென்ஷன் இல்லாத நல்ல ஹார்ட்டெயில் வரும். மிச்சம் இருந்தால் ஹெல்மெட், நல்ல டயர், பிரேக் என்ற வரிசையில் போடுங்கள். நீங்களே பெடல் மாட்டுவதாக இருந்தால், இடது பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம் என்பதை மறக்க வேண்டாம். அலுமினியக் கிராங்க்கின் மறை ஒரே தப்பான முடுக்கில் போய்விடும்.

கூலியைப் பற்றிப் பெரியவர் வாய் திறக்கவில்லை, நான்தான் பார்த்தேன். லட்ச ரூபாய் வண்டியில் வந்தவர் ஒரு மணி நேரக் கோட்ட வேலைக்குக் கேட்ட காசில் பாதியை நீட்டிவிட்டு, “பஞ்சருக்கு இவ்வளவு வாங்க மாட்டீங்களே” என்றார். பஞ்சர் பத்து நிமிஷ வேலை. சக்கரம் மலையிறக்கத்தில் அவர் உயிரைச் சுமக்கப்போகிறது. இந்தக் கணக்கு வண்டி வைத்திருக்கிற நம்மில் பலருக்கும் தெரிவதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இந்த மலைச் சாலைகளில் பேட்கள் இரட்டை வேகத்தில் தேயும். செப்டம்பருக்குள் பிரேக்கையும் சக்கரத்தையும் காட்டிவிடுங்கள். ஞாயிறு விடியற்காலை மலையேறப் போகும் அவசரத்தில் கொண்டுபோய் நிறுத்தாமல், வாரத்தின் நடுவில் கொடுங்கள். கேட்கிற கூலியைக் கொடுத்துவிட்டு எடுத்து வாருங்கள்.