மாலை ஆறு மணி

ஜூன் 10, செவ்வாய்

வங்கிக் கிளையில் இருந்தால் இந்நேரம் மண்டல அலுவலகத்தின் வீடியோ கூட்டம் தொடங்கியிருக்கும். எத்தனை காப்பீட்டு பாலிசி பிடித்தீர்கள், வாராக்கடன் எவ்வளவு வசூலானது என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பார்கள். விடுப்பில் வீட்டில் படுத்திருக்கிறேன். ஆனாலும் மணி ஆறானால் வயிறு இறுகுகிறது. கடைசி மாதங்களில் பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. என்னை நம்பி வருகிறவர்களிடம் அவர்களுக்குத் தேவைப்படாத பாலிசியை நீட்ட வேண்டியிருந்ததே, அதுதான் உள்ளே அரித்திருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மனச்சோர்வுக்கான எஸ்சிடாலோபிராம் மாத்திரை. முதலில் குமட்டியது, இப்போது இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் இதற்குள் நிறுத்தியிருப்பேன். அவரிடம் போகச் சொன்னதே 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசியவர்கள்தான். ஒரு நள்ளிரவில் அழைத்தபோது தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். "நல்லாத் தூங்கி எந்திரி, சரியாப் போயிரும்" என்கிறார் அம்மா. தூங்கத்தான் செய்கிறேன். எழுந்தாலும் அதே அசதி.

ஜூலை 6, ஞாயிறு

மருத்துவர் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். தினம் ஒரு சின்ன வேலையைக் குறித்துக்கொண்டு, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். முடித்ததும் பத்துக்கு மதிப்பெண். "ஆசை வரட்டும்னு காத்திருக்காதீங்கம்மா. இந்த நோய்ல செஞ்ச பிறகுதான் ஆசை வரும்." இன்று வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். திரும்பும் வழியில் ஒரு கட்டு முளைக்கீரை. தரையில் பேப்பர் விரித்து ஆய்ந்தேன். வேரடி மண்ணை உதறி, பூச்சி அரித்த இலையை ஒதுக்கி, தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்து, நார் ஓடினால் தள்ளி, இளசாக இருந்தால் சேர்த்து. முடிக்கும்வரை கிளை நினைவு வரவில்லை. ஆறு மதிப்பெண் போட்டேன்.

ஜூலை 21, திங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வகைப்படுத்தியபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றது. ஆற்றல் வற்றிப்போவது, வேலைமீது கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றும் எனக்கு இருந்தன. அதோடு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. அது நோய், மருந்து உண்டு, தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். ஆனால் இலக்கு நிர்ணயிக்கிறவர்கள் செய்ய வேண்டியதை என் மாத்திரை செய்யாது. ஊழியர்களுக்கு யோகா வகுப்பு வைத்தாலும் போதாது. அதே நாற்காலி, அதே இலக்கு என்றால் மறுபடியும் படுக்கைதான்.

விற்பனை இலக்கு இல்லாத ஆவணச் சரிபார்ப்புப் பிரிவுக்கு மாற்றம் கேட்டுக் கடிதம் எழுதினேன். "முதுகுவலின்னு போடு, பேர் கெட்டுப்போகும்" என்றார் அக்கா. மருத்துவச் சான்றிதழில் உள்ளபடி மனச்சோர்வு என்றே எழுதினேன். முதுகுவலி என்றால், அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கும் இதே இலக்கைத்தான் கொடுப்பார்கள். பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. பதில் வரும்வரை விடுப்பை நீட்டிக்கவும் கேட்டிருக்கிறேன்.