மாதத்தின் மீது பழியில்லை

மாதங்களுக்கு நல்லது, கெட்டது என்று முத்திரை குத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஸபர் மாதம் பிறந்துவிட்டால் போதும். திருமணப் பேச்சு நின்றுவிடும், பயணங்கள் தள்ளிப்போகும், வீட்டுப் பெரியவர்களின் முகத்தில் ஒரு கவலைக் கோடு விழுந்துவிடும். அம்மாதத்தில் பலாய்கள் இறங்கும் என்பது அவர்கள் கேட்டு வளர்ந்த செய்தி. ஸபரில் பீடை என்பது இல்லை என்று பெருமானார் (ஸல்) அவர்களே மறுத்துரைத்திருக்க, அந்தக் கவலை மட்டும் நம் வீடுகளை விட்டு இன்னும் முழுமையாக வெளியேறவில்லை. அதை எங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றியது ஆலிம்களின் பேச்சன்று. ஒரு மாதத்து மழை. அக்கதையை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் ஊர் நெல்லிக்குப்பம். கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில், வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓடும் நிலப்பரப்பில் அமைந்த ஊர். சர்க்கரை ஆலையும் சுற்றிலும் கரும்பு வயல்களுமாகப் பெயர் பெற்றது. கடற்கரை சில கல் தொலைவுதான். ஆகவே வங்கக்கடலில் எது உருவானாலும் அதன் முதல் மூச்சு எங்கள் முகத்தில் படும். கடலூர்த் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்பதே ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரார் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் முறை.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடிகாலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அந்தக் காற்றைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும், மூன்று தலைமுறை கண்ட பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லைப்புறத்துப் பூவரச வேலியும் அன்றுதான் போயிற்று. வேலி போன இடத்தில் மறு ஆண்டு செங்கல் சுவர் எழுப்பினோம். காற்றுக்கு அசையாத சுவராக இருக்கட்டும் என்று அடித்தளத்தை ஆழமாகவே தோண்டச் சொன்னோம்.

பின்தெருவில் விழும் மழைநீர் எங்கள் கொல்லை வழியாக வந்து, பக்கத்து வாய்க்காலில் சேர்ந்து, கெடிலத்தை நோக்கிப் போவது வழக்கம். வேலி இருந்த காலத்தில் அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. சுவர் எழுப்பும்போது கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணீர் போக ஒரு மடை விடட்டுமா, பாய்?" என்று கேட்டார். பாம்பும் பெருச்சாளியும் அவ்வழியே வரும், அடைத்துவிடுங்கள் என்றோம். அவர் ஒரு கணம் நின்றார், பிறகு அடைத்துவிட்டார். எங்கள் பாட்டியார் (நாங்கள் 'நன்னி' என்போம்) திண்ணையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "உங்க நன்னா அந்த மடையை அடைச்சதில்லை" என்று மட்டும் சொன்னார். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2015ஆம் ஆண்டு நவம்பர் 9, திங்கட்கிழமை. மறுநாள் தீபாவளி. வங்கக்கடலில் ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்துகொண்டிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அது புயல். அப்போதுதான் அதற்குப் பெயரும் சூட்டுவார்கள். இது எட்டவில்லை. ஆகவே அதற்குப் பெயரும் இல்லை. பெயரில்லாத ஒன்றுக்கு யார் அஞ்சுவார்? தானேயைக் கண்டவர்கள் நாங்கள். ஜன்னல்கூடப் படபடக்காத இந்த மழையை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

ஆனால் மழை நிற்கவில்லை. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அங்கு குடியிருந்த எங்கள் மச்சான் தொலைபேசியில், "நகரியத்தின் சாலையெல்லாம் ஆறாக ஓடுகிறது; சுரங்கத்துக்குள் இறங்கும் தண்ணீரை இறைத்து மாளாது" என்றார். பண்ருட்டிக்கு அருகிலுள்ள பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை பெருக்கெடுத்துப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. சில சென்டிமீட்டர் மழை பெய்தாலே 'நல்ல மழை' என்று சொல்லும் மண், அத்தனை நீரை ஒரே நாளில் எங்கே வைக்கும்?

அன்றிரவு எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் இராச்சாப்பாட்டுக்கு அமர்ந்தோம். அப்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்து குரல்கள் கேட்டன.

பின்தெருவில் சுவரை ஒட்டி மூன்று ஓட்டு வீடுகள். அவற்றுள் ஒன்றில் பலகாரம் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அம்மையார் குடியிருந்தார். தீபாவளிக்கென்று நாலைந்து வீடுகளில் முன்பணம் வாங்கி, முறுக்கும் அதிரசமும் செய்து, மூங்கில் கூடைகளில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய வரும். விளக்கை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய்ப் பார்த்தபோது, இடுப்பளவுத் தண்ணீரில் அவர் பிள்ளைகளைக் கட்டிலின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். கூடைகள் மிதந்தன. மாவெல்லாம் கரைந்து, தண்ணீர் வெள்ளை நிறமாக இருந்தது.

அவர் எங்களை நோகவில்லை. பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து, ஈரத்தோடு கூடத்தில் நின்று, நன்னியைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "முன்னெல்லாம் தண்ணி இப்படி நிக்காதுங்கம்மா."

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நாங்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனோம். ஆழமாக அஸ்திவாரம் இட்ட சுவர் எளிதில் விடவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. முதல் செங்கல் பெயர்ந்ததும் தண்ணீர் பீறிட்டு வந்து எங்கள் கொல்லையை நிறைத்தது. சமையற்கட்டின் படியைத் தொட்டது. பிறகு தன் பழைய தடத்தைத் தானே கண்டுபிடித்து வாய்க்காலை நோக்கி ஓடிற்று. நாங்கள் காய்ந்திருந்ததற்காக நன்றி சொன்னோமே, அந்தக் காய்ந்த தரைக்கு விலை கொடுத்தவர்கள் சுவருக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் தீபாவளியன்று பள்ளிவாசலில், ரமளானில் கஞ்சி காய்ச்சும் அண்டாக்களைப் பரணிலிருந்து இறக்கினார்கள். தண்ணீர் புகுந்த தெருக்களுக்கெல்லாம் சோறு போயிற்று. முன்பணம் கொடுத்த வீட்டார்களுக்கு அந்த அம்மையாரின் கடனை நாங்கள் தீர்த்தோம். அதைத் தருமம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்த வாரத்தின் இறுதியில் ஸபர் பிறந்தது. நன்னி வழக்கம்போல எச்சரிக்கத் தொடங்கினார். "இனிப் பார்த்து நடங்க" என்றார். அவர் சொன்னதற்கேற்ப மழையும் விட்டு விட்டு வந்தது. நெல் வயல்கள் ஏரிகளாயின. கரும்பு சாய்ந்து கிடந்தது. கிணற்று நீரைக் கையால் மொள்ளலாம் போல் மேலே வந்து, கலங்கி நின்றது. துணிகள் உலரவில்லை, விறகு புகைந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எது, விடுமுறை எது என்பதே மறந்துபோயிற்று. டிசம்பர் முதல் நாள் மறுபடியும் கொட்டியது. தாம்பரத்தில் மட்டும் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் என்றார்கள். அடையாறு கரை புரண்டு சென்னையின் பாதி நீரில் நின்றது. அங்கிருந்த உறவினர்களோடு இரண்டு நாள் பேச முடியவில்லை.

"பார்த்தீங்களா, ஸபரு" என்றார் நன்னி. "தானே வந்ததும் ஸபருலதான்."

கணக்கெடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மைதான். 2011இல் தானே வீசியபோது ஸபர் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 9ஆம் நாள், ஸபரின் கடைசிப் புதன். 'ஒடுக்கத்துப் புதன்' என்று நம் தாய்மார்கள் தலைக்குக் குளித்து, மாவிலையில் ஸலாம்களை எழுதிக் கரைத்துக் குடிக்கும் நாள். முதல் மழை பெய்து சரியாக முப்பது நாட்கள். வானம் சற்றே வெளுத்திருந்தது. நன்னி மாவிலை கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு அது உறைத்தது.

"நன்னி, பின்தெரு மூழ்கிய மழை எந்த மாதத்தில் பெய்தது?"

விரல் விட்டு எண்ணினார். "முஹர்ரம் கடைசி" என்றார். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சிரித்தார். "ஆமா, அதுக்கு ஸபர் என்ன செய்யும்? அதுக்கு உங்க சுவருதான் காரணம்."

மாவிலை அன்று திண்ணையிலேயே கிடந்தது.

அதன் பிறகு நாங்கள் இந்தக் கணக்கைத் தொடர்ந்து எழுதி வருகிறோம். 2020 நவம்பரில் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த நிவர் புயல் வந்தது ரபீயுல் ஆகிரில். 2024 நவம்பர் 30 இரவில் வந்த ஃபெஞ்சல் (அந்தப் பெயரே ஸவூதி அரேபியா தந்தது) ஜமாதுல் அவ்வலில். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2011இலும் 2015இலும் கார்த்திகை, மார்கழியை ஒட்டி வந்த ஸபர் இப்போது ஆடி வெயிலில் வருகிறது. புயலோ ஸபரைத் தேடிப் போவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக்கடல் வெதுவெதுப்பாக இருக்கும் நாட்களில், அது நம் கரைக்கு வருகிறது. வணிகத்துக்காக ஹாங்காங் சென்று குடியேறிய நம்மவர்களைக் கேட்டால், அவர்கள் கரையில் இதே சூறாவளி பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் என்பார்கள். அங்கும் எச்சரிக்கை எண்கள் ஏற்றுகிறார்கள். அங்குள்ள கடலுக்கு ஒரு பருவம், நம் கடலுக்கு ஒரு பருவம். இறைவன் வகுத்த ஒழுங்கு அது. எந்த மாதத்தின் மீதும் அவன் சாபம் எழுதி வைக்கவில்லை.

ஃபெஞ்சல் நாட்களை நாங்கள் மறப்பதற்கில்லை. அதுவும் காற்றைவிட நீரால்தான் வருத்தியது. டிசம்பர் 2ஆம் நாள் விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை எங்கள் பக்கத்துக் கிராமங்களை நோக்கி வந்தது. ஆற்றின் கணக்கு நம் கையில் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் விழுந்த நீரின் கணக்கு எங்கள் கையில் இருந்தது. பின்தெரு நீர் மடை வழியே வந்து, கொல்லையைக் கடந்து, வாய்க்காலுக்குப் போயிற்று. ஓட்டு வீடுகளின் வாசற்படியை அது தாண்டவில்லை. எங்கள் சமையற்கட்டில் மட்டும் கணுக்காலளவு நின்றது. அதை வாளியால் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது மனம் இலேசாக இருந்தது.

அந்த நேரத்தில் நன்னி எங்களோடு இல்லை. தானே உடைந்த கதையைச் சுவர் மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. பெயர்த்த இடத்தை நாங்கள் பூசி அழகாக்கவில்லை. இரும்புக் கம்பி மட்டும் பதித்திருக்கிறோம், பெருச்சாளிக்காக. ஐப்பசி பிறந்ததும் வீட்டுப் பிள்ளைகளும் அந்த அம்மையாரின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து அதில் அடைத்திருக்கும் சருகையும் நெகிழிப் பைகளையும் வாரிப் போடுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை மழைக்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் துஆச் செய்ததும், மழை ஒரு வாரம் நில்லாது பெய்ததும், அடுத்த ஜும்ஆவில் மக்கள் வந்து முறையிட்டதும் நாம் கேட்ட வரலாறே. அப்போது அவர்கள் மழையையே நிறுத்திவிடுமாறு வேண்டவில்லை. தங்கள் மீதன்றித் தங்களைச் சுற்றிலும் குன்றுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மரங்கள் வளரும் இடங்களிலும் பொழியுமாறு வேண்டினார்கள். மழைக்கும் போவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அந்த வேண்டுதல் நமக்குச் சொல்லாமல் சொல்கிறதல்லவா?

வரும் பருவத்திலும் மழை வரும். பெயரோடு வரலாம், பெயரில்லாமலும் வரலாம். அது பயனுள்ள மழையாக அமைய இறைவனிடம் கையேந்துவோம். ஏந்துமுன், நம் வீட்டுக் கொல்லைப் பக்கம் ஒருமுறை போய், மடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவோம்.