99 தூண் அரண்மனை

சம்பள நாளில் கைக்கு வரும் வெள்ளி நோட்டில் ஒரு முகம் இருக்கிறதே, யார் அவர்? வகுப்பில் கேட்டால் "அகோங்" என்று பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். எந்த ஊர்க்காரர் என்றால்தான் விழிப்பார்கள். நம் மாநிலத்துக்காரர்தான்! நெகிரி செம்பிலானை ஆண்ட துவாங்கு அப்துல் ரஹ்மான், 1957-இல் நாட்டின் முதல் மாமன்னரானார். 1960-இல் காலமான அவர் துயில் கொள்ளும் இடம், கோலப்பிலாவுக்கு அருகிலுள்ள ஸ்ரீ மெனாந்தி.

சிரம்பானிலிருந்து போகிறவர்கள் புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்ட வேண்டும். 1875-இல் யாம்துவான் அந்தாவின் வீரர்கள் இந்த மலைக் கணவாயில்தான் வெள்ளைக்காரப் படையை மறித்து நின்றார்கள். அந்தப் படையில் கூர்க்காக்களும் இருந்தார்கள். கணவாய் விழுந்தது. படை ஸ்ரீ மெனாந்தி வரை சென்று அரண்மனைக்குத் தீ வைத்தது.

இன்று நாம் பார்க்கும் பழைய அரண்மனை அதற்குப் பின் வந்தது. 1902-இல் தொடங்கி 1908-இல் முடித்தார்கள். நம் பாட்டன்மார் கப்பலில் வந்திறங்கி, காடு வெட்டிப் பால்மரம் நட்ட காலமும் அதுதான். காஹார், தாயிப் என்ற இரண்டு மலாய்த் தச்சர்களின் கைவண்ணம் இது. நான்கு அடுக்கு, முழுதும் மரம். இரும்பு ஆணி கிடையாது, மரமுளைகளே இறுக்கிப் பிடிக்கின்றன. தூண்கள் 99. அக்காலத்துப் படைத்தலைவர்கள் 99 பேரைக் குறிப்பதாகச் சொல்வார்கள். தூண்களில் செதுக்கியிருக்கும் பூவேலையை நின்று பார்க்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. 1931 வரை அரச குடும்பம் இங்கே வாழ்ந்தது. 1992-இல் அரும்பொருளகமாயிற்று.

இந்த ஊர்ப்பக்கத்துக் கூரைகளின் இரு முனையும் மாட்டுக் கொம்பு போல மேலே வளைந்திருக்கும். அதற்கொரு கதை உண்டு. சுமத்திராவில் மினாங்கபாவ் மக்களுக்கும் படையெடுத்து வந்த அரசனுக்கும் எருமைச் சண்டையில் பந்தயமாம். அரசன் கொண்டுவந்ததோ மலை போன்ற எருமை. இவர்கள் பால்குடி மறவாத கன்றைப் பட்டினி போட்டு, மூக்கில் கூரிய இரும்பைக் கட்டி விட்டார்கள். தாயென்று நினைத்துப் பால் குடிக்க ஓடிய கன்று, பெரிய எருமையின் வயிற்றைக் கிழித்துவிட்டது. அந்த மக்களே கடல் கடந்து இங்கே குடியேறினார்கள். 1773-இல் அங்கிருந்து ராஜா மெலேவாரை அழைத்து வந்து அரசராக்கினார்கள். இன்றும் இங்கு அரசரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நான்கு உண்டாங் தலைவர்கள்தாம்.

இன்னொன்று, நம் பெண்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டியது. அடாட் பெர்பாத்தே என்னும் இவர்கள் வழக்கப்படி, குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஆண்பிள்ளைக்கு அதில் பங்கு இல்லை. வெள்ளி முளைக்கும் முன்பே மரம் வெட்டப் போய்க் குடும்பத்தைத் தாங்கிய நம் தாய்மாரில் எத்தனை பேர் பெயரில் ஒரு சாண் மண் இருந்தது?

அரச கல்லறை மண்டபமும் பள்ளிவாசலும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே அடக்கமான உடையில் போவது நல்லது. திரும்பும்போது நேரமிருந்தால் கோலப்பிலா பட்டணத்தில் மார்ட்டின் லிஸ்டர் நினைவு வளைவையும் பார்க்கலாம். அவர் இம்மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட், 1897-இல் இறந்தவர். வளைவை எழுப்பியவர்கள் அவ்வூர்ச் சீனர்கள்.