எடையில் சேராத மணிகள்

2016இல் அப்பா மறைந்தபோது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரத்தில், அம்மாவின் கழுத்திலிருந்து இறக்கப்பட்ட தாலிச்சரட்டை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு அம்பத்தூரில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவரிடம் சென்றேன். தராசில் வைக்கும் முன் அவர் பொன் உருக்களுக்கு இடையே கோத்திருந்த கருகமணிகளையும் பவழங்களையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். "இதெல்லாம் எடையில சேராதும்மா" என்று ஒரு காகிதத்தில் மடித்து என்னிடமே தந்தார். பொன் உருகி என் மகளுக்கு வளையலாயிற்று. காகிதப் பொட்டலத்தை அம்மா ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். அதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வகுப்பறையில் கைம்மை நோன்பைப் பற்றி எவ்வளவோ கடுமையாகப் பேசியிருக்கிறேன். ஆனால் அன்று கைக்குட்டையை முடிந்த கைகள் என்னுடையவைதாம்.

சென்ற கோடை விடுமுறையில் பரணை ஒழித்தபோது அந்த டப்பா அகப்பட்டது. உள்ளே கருகமணிகள் மட்டுமில்லை. நான் பள்ளியில் அணிந்த பச்சைப் பாசியின் மிச்சம், அறுந்துபோன ஸ்படிக மாலையின் பாதி, மகளின் குழந்தைப் பருவத்து வண்ண மணிகள் என்று மூன்று தலைமுறையின் உதிரிகள் சேர்ந்து கிடந்தன. "தூக்கிப் போடு, எதுக்கு ஆகும்?" என்றாள் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு சரம் கோத்தால் என்ன என்று தோன்றியது.

தையல் நூலில் கோத்தேன். இரண்டாம் நாளே அறுந்தது. மெல்லிய கம்பியில் கோத்தேன். சில மணிகளின் துளைக்குள் கம்பி நுழையவே இல்லை. பல ஆண்டுகளாகப் பதிற்றுப்பத்து நடத்தி வருகிறேன். கொடுமணத்து அணிகலன்களும் பந்தர்ப் பட்டினத்து முத்துகளும் அதில் பேசப்படும் இடம் வரும்போதெல்லாம், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் பேராசிரியர் கா. ராஜன் முதலானோர் நடத்திய அகழாய்வுகளை மாணவர்களுக்கு விரிவாகச் சொல்வேன். ஆனால் ஒரு மணியைக் கையில் எடுத்து அதன் துளையைப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆவடி ரயில் நிலையத்தருகே துணி விரித்துப் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்மணி ஒருவரிடம் டப்பாவைக் கொண்டுபோனேன். கல்லூரிக்குப் போகும் வழியில் பல ஆண்டுகளாகப் பார்த்த முகம். ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் அவரிடம் நான் பேரம் பேசியதுண்டு. இப்போது அவர் விரிப்பில் கருங்காலி மாலைகளே மிகுதி. வேட்டையையே நம்பியிருந்த அச்சமூகத்துக்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மணி கோப்பதும் விற்பதுமே பெரிதும் வாழ்வாயிற்று. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆயிற்று.

அவர் டப்பாவைத் துணியில் கவிழ்த்தார். நான் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த மணிகளைக் கலைத்துவிட்டு, துளை பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார். "கலர் அப்புறம்க்கா. ஓட்டை சரியா இருந்தாத்தான் மாலை நிக்கும்." ஒரு கருகமணியை நகத்தால் தடவிப் பார்த்துத் தனியே வைத்தார். அதன் ஓரம் விண்டிருந்தது. "இது நூலை அறுத்துடும்." நைலான் நூலை இரட்டையாக எடுத்து, முடிச்சைப் பெரிய மணியொன்றின் துளைக்குள் இழுத்து மறைத்து, நுனியைத் தீக்குச்சியால் சுட்டு உருக்கினார்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"அப்பா இருக்காரா?"

இல்லை என்றேன். கருகமணிகளை ஒரு கணம் பார்த்தவர், "அப்ப கழுத்துக்கு வேணாம், கைக்குக் கட்டித் தரேன். நடுநடுவே கலர் மணி போட்டுடலாம். யார் கேக்கப் போறா?" என்றார். கூலி அறுபது ரூபாய். இந்த முறை பேரம் பேசவில்லை.

அவர் கோத்து முடிக்கும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தேன். அரக்கோணம் வழியாகத் திருப்பதி போகும் ரயில்கள் இந்த ஆவடியைக் கடந்துதான் செல்கின்றன. அதே பாதையில் ரேணிகுண்டாவுக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை என்றோர் ஊர். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கி மணியாக்கும் பழைய முறை அங்கே நம் காலம்வரை தொடர்ந்தது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அதை நேரில் கண்டு, அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோதும் பின்னரும் மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் ஓரிடத்தில் மணிகள் கிடைப்பதால் மட்டும் அங்கே அவை செய்யப்பட்டன என்று சொல்லிவிட முடியாது. வணிகத்தில் வந்தவையாகவும் இருக்கலாம். அது தொழிற்கூடம் என்பதற்குச் சான்று, கழித்துப் போட்டவைதாம்: துளையிடும்போது உடைந்த கல், பாதியில் கைவிட்ட மணி, கண்ணாடிக் குழலின் துண்டு. கொடுமணலிலும் அப்படித்தான். முழுமையான நகை யார் கழுத்துக்கோ, எந்தக் கடலுக்கு அப்பாலோ போய்விடுகிறது. செய்தவர்கள் இருந்த இடத்தை மிச்சங்களே சொல்கின்றன. இதைப் பாடமாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பரணில் இருந்த டப்பாவோடு பொருத்திப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சரத்தை அம்மாவின் மடியில் வைத்தேன். கண்டதும் எது எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "கருப்பு மணியாச்சே" என்றாள். சிறிது நேரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் தள்ளித்தள்ளி எண்ணினாள்.

"பதினெட்டுதான் இருக்கு. பத்தொம்பது இருக்கணுமே?"

நான் அந்த மணிகளை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

கைப்பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த விண்ட மணியை எடுத்துக் கொடுத்தேன். அது நூலை அறுத்துவிடும் என்பதையும் சொன்னேன். அம்மா அதை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு பவுடர் டப்பாவைத் திறந்து அதற்குள் போட்டு மூடி, தன் தலையணைப் பக்கம் வைத்துக்கொண்டாள். வலக்கையை நீட்டி, "ரொம்ப இறுக்கிடாதே" என்றாள்.