கரைக்குள்ளேயே காத்திருப்பவர்கள்

அடேயப்பா, இத்தனை தண்ணீரா! கொச்சியிலிருந்து தெற்கே வந்து கும்பளங்கியில் இறங்கியதும் திகைத்து நின்றுவிட்டேன். எங்கள் ராமநாதபுரத்தில் கண்மாய் நிறைந்தால் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். இங்கே வீட்டுக்கு முன்னால் காயல், பின்னால் கால்வாய். சீனவலைகள் தண்ணீருக்குள் குனிந்து குனிந்து எழுகின்றன. உப்புக்காற்றில் சேற்று வாசனையும் கரிமீன் பொரியும் மணமும் கலந்து வருகின்றன.

வெயில் ஏறியது. மழைக்கு முன் பொக்காளி நெல்வயல்களின் கரையைப் பலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அடியில் கிடக்கும் சேற்றை அள்ளிக் கரையில் அப்புகிறார்கள்!

“வெளியிலிருந்து மண் வேண்டாமா, சேட்டா?” என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

“எந்தினு? இவிடெத்தன்னே உண்டல்லோ!” (எதற்கு? இங்கேயே இருக்கிறதே!) என்று சிரித்தார்.

எனக்கு மெய்சிலிர்த்தது; ரத்தக்குழாய்களின் நினைவு வந்தது. அப்பாவின் பைபாஸுக்குப் பிறகு அவற்றைப் பற்றித் தேடித்தேடிப் படிப்பவன் நான். குழாயின் உட்புறத்தைச் செப்பனிடக்கூடிய முன்னோடிச் செல்கள் ரத்தத்தில் மிதப்பதை 1997-இல் தகயுகி அசஹாரா குழுவினர் அறிவித்தார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் 2004-இல் எலிகளிலும், 2006-இல் மனிதர்களிலும், குழாய்ச் சுவரின் வெளியடுக்கை ஒட்டியே முன்னோடிச் செல்கள் குடியிருப்பது தெரிந்தது. நம்மூர்க் குடிமராமத்தேதான்! கரையில் வாழ்பவர்களே கரையைக் காக்கிறார்கள்.

“அதிகம் அப்பினால் கால்வாய் குறுகிப்போகும், வள்ளம் போகாது” என்றும் சேட்டன் சொன்னார். உடம்பிலும் அந்த ஆபத்து உண்டு. காலிலிருந்து எடுத்த சிரையை இதயத்தில் தைத்தால், தமனியின் அழுத்தம் தாங்க அதன் சுவர் தடிக்கிறது. அதே 2004 ஆய்வில், ஒட்டுச் சிரையின் வெளிப்புறம் வைத்த செல்கள் உள்ளே நகர்ந்து அந்தத் தடிப்பில் சேர்ந்தன. காப்பவர்களே வழியை அடைக்கவும் கூடும்!

இருட்டியதும் வள்ளத்தில் போனோம். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிர்ந்தது. கவரு என்கிறார்கள் இதை! கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள் காயலையே கொளுத்திவிட்டிருந்தன. ஒரு செல்லுக்குள் இவ்வளவா என்று வாய்பிளந்தேன்.

இதே கேரளத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், ரத்தத்திலிருந்து எடுத்த முன்னோடிச் செல்களைச் செயற்கைக் குழாய்க்குள் வளர்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை முழு வெற்றி பெறட்டும். நாளைய அப்பாக்களுக்குக் காலைக் கீறாமலே பைபாஸ் நடக்கட்டும்.