பையன்களை நிறுத்திவிடாதே

அன்புள்ள தம்பி,

சைட்டிலிருந்து உன் கட்டிங் மெஷினும் டிரில்லிங் மெஷினும் காணாமல் போனதை அம்மா சொன்னாள். கடன்பட்டு வாங்கிய சாமான். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அதைவிட வருத்தம், உன்னிடம் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள்மேல் சந்தேகப்பட்டு இரண்டு பேரையும் நிறுத்தப் போகிறாய் என்பது. கொஞ்சம் பொறு.

மெஷின் போனது கான்கிரீட் போட்ட அன்றுதானே? மிக்ஸர் ஆட்கள், கம்பி கட்டுபவர்கள், ஜல்லி லாரிக்காரர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேர் உள்ளே வந்து போயிருப்பார்கள்! காலி சிமெண்ட் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அன்றைய வேலைக்கு வேண்டாத மெஷினைக் கான்கிரீட் நாளில் சைட்டில் வைக்காதே. சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்திலும் கவனமாக இரு.

தகரக் கொட்டகைக்குப் பெரிய பூட்டு போட்டிருப்பதாகச் சொன்னாயாம். பூட்டை உடைக்கவே வேண்டாமப்பா. கொண்டியின் ஸ்குரூ வெளியே தெரிந்தால் ஒரு ஸ்குரூடிரைவர் போதும். கூரைத் தகரத்தைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் நட்டும் மேல்பக்கம்தான் இருக்கிறது. ஸ்பேனர் போட்டுக் கழற்றி இறங்கிவிடலாம். கொண்டியை வெல்டிங் வைத்துவிடு. நட்டுக்கு மேலே நீட்டியிருக்கும் மரையைச் சுத்தியலால் நசுக்கிவிடு, லேசில் கழலாது. தரைத்தளம் எழும்பியதும் உள்ளறை ஒன்றுக்குக் கதவு போட்டு எல்லாவற்றையும் அங்கே மாற்று.

எடுத்தவன் அதை விற்றுத்தான் காசாக்க வேண்டும். அந்த வழியை அடைப்பதுதான் நம்மால் ஆகிற பெரிய காவல். மெஷினில் ஒட்டியிருக்கும் நம்பர் ஸ்டிக்கர் தூசியில் அழிந்துவிடும். வாங்கிய அன்றே பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்துவை. பிளாஸ்டிக் உடம்பில் ஆழமாக இறங்காமல் காய்ச்சிய ஆணியால் உன் பெயரைக் கீறு. கடப்பாரை, ஜாக்கி எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வெல்டிங் பொட்டு வை. பேட்டரி மெஷின் வாங்கினால் பேட்டரியையும் சார்ஜரையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடு.

ஒரு நோட்டுப் போடு. காலையில் எந்தச் சாமான் யார் கையில் போகிறதோ அவர் பெயர். சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒரு கோடு. அந்த நோட்டை அந்தப் பையன்களில் ஒருவனிடமே கொடு. போகும்போது யார் பையையும் பிரித்துப் பார்க்காதே. வெயிலில் நமக்காகச் சட்டி சுமப்பவனின் பையைப் பத்துப் பேர் முன்னால் கொட்டினால், அப்புறம் அவன் நம் சாமானைத் தன் சாமானாகப் பார்ப்பானா?

பில்லை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போ. 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதுச் சட்டத்தில் திருட்டுக்கு 303ஆம் பிரிவு, திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்குபவனுக்கு 317ஆம் பிரிவு. இரண்டுக்குமே 3 வருஷம் வரை ஜெயில் உண்டு. புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பாதே. பக்கத்துக் காயலான் கடைகளுக்கும் மெஷின் ரிப்பேர் கடைகளுக்கும் நீயே போய் மெஷின் நம்பரைச் சொல்லிவிட்டு வா.

என்னிடம் கூடுதலாக ஒரு டிரில்லிங் மெஷின் இருக்கிறது. கார்பன் மாற்றி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். புதுசுக்கு அவசரப்பட்டு மறுபடி கடன் வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்