மூணு கண்ணனும் சாக்குக்காரனும்

சோறு தின்ன அடம்பிடிக்கும் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர எங்கள் ஊரில் ஒரு படையே இருந்தது. பூச்சாண்டி, மூணு கண்ணன், அஞ்சு கண்ணன், புளியமரத்து முனி, கொள்ளிவாய்ப் பிசாசு. இவர்களை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் இடமும் வேளையும் தெளிவாக உண்டு. பூச்சாண்டி விளக்கு வைத்த பிறகுதான் வருவான், அதுவும் வாசற்படிக்கு வெளியேதான் நிற்பான். முனி உச்சிவேளையில் இறங்கும். கொள்ளிவாய்ப் பிசாசுக்கு ஏரிக்கரைச் சேறு.

இத்தனை பேரும் அப்பத்தாவுக்கு வேண்டப்பட்டவர்கள். "ஏய் மூணு கண்ணா, செத்த இரு. புள்ள இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கிருவான்" என்று இருட்டைப் பார்த்துச் சொல்லுவாள். அவனும் இருப்பான்! ரசஞ்சோறு முடியும்வரை காத்திருந்து, மோர்ச்சோற்றுக்கும் காத்திருப்பான். பயந்தால் ஒண்டிக்கொள்ள அவள் மடியே இருந்ததால், பயப்படுவதற்கும் ஆசையாக இருந்தது.

முனி குடியிருந்த இடங்களை இப்போது நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றடி, வெயிலில் ஆளரவமற்ற தோப்பு. பிள்ளை தவறி விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆளில்லாத இடங்கள். அங்கெல்லாம் பெரியவர்கள் முனியைக் காவல் வைத்தார்கள். சேற்றில் மக்கும் தழையிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது, கொள்ளிவாய்க்கு அதுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குள் பிசாசு தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. இரவில் ஏரிப்பக்கம் நாங்கள் போனதே இல்லை. அடுத்த தெருவுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோகும்போது தூக்குவாளி மேல் ஒரு கரித்துண்டு வைப்பார்கள். அந்தக் கரித்துண்டை நம்பித்தான் இருட்டைக் கடந்தோம்.

தெருவுக்கு மின்விளக்கு வந்தது. கிணறுகள் தூர்ந்தன. மூணு கண்ணன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். இன்று சோறு ஊட்டும் தாய் குழந்தையின் கையில் செல்போனைக் கொடுக்கிறாள்.

அந்தப் படையில் மனிதர்களும் இருந்தார்கள். விடியுமுன் நல்ல சேதி சொல்லிப்போகும் குடுகுடுப்பைக்காரர் பகலில் அரிசியும் பழந்துணியும் கேட்டு வருவார். அவர் தலைப்பாகையைக் கண்டாலே நாங்கள் கதவுக்குப் பின்னால். பழைய இரும்பு பொறுக்குகிற சாக்குக்காரர் தெருவில் நுழைந்தால், "சாக்குக்குள்ள போட்டுக் கட்டிக்கிட்டுப் போயிருவான், புதுப் பாலத்துக்குப் பலி குடுக்கப் புள்ள தேடுறாங்களாம்" என்பார்கள். பிழைப்புக்காக வந்தவரைப் பிள்ளை பிடிக்கிறவனாக்கிவிட்டு, அடுத்த நிமிஷமே அவரிடம் ஓட்டைக் குடத்துக்கு விலை பேசுவார்கள்.

மூணு கண்ணனைப் போல இந்தப் பிள்ளை பிடிக்கிறவன் மறையவில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி செத்துப்போனார். அடித்தவர்கள் வளர்ந்த ஆட்கள்.

முனியும் பூச்சாண்டியும் ஒருவரையும் கொன்றதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர்களை எத்தனை கண்ணோடு வேண்டுமானாலும் படைத்துக் கொடுங்கள். தெருவில் போகிற ஏழையை மட்டும் விரல் நீட்டிக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.